உறைபனி மாதத்தில் ஒரு ரிலீஸ்

கோத்தகிரிப் பக்கம் ஜனவரி பிறந்தால், பள்ளத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் தேயிலைச் செடிகள் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் பனி உருகிவிடும். ஆனால் கொழுந்து கருகிப் போயிருக்கும். அந்தச் செடி மறுபடி துளிர்த்துப் பறிப்புக்கு வர வாரக்கணக்கில் ஆகும். சிறு விவசாயிகளுக்கு அது கை இறுகும் காலம். அவர்களுடைய பசுந்தேயிலை எடையைக் கணக்கு வைக்கும் ஆப் ஒன்றைச் செய்து பராமரிக்கிற எங்கள் ஏழு பேருக்கு, ஆண்டின் பெரிய ரிலீஸ் காலம் அதுதான்.

மென்பொருளின் புதுப் பதிப்பு என்றதும், சிலர் ராத்திரி பகலாக உட்கார்ந்து நிரல் எழுதி, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எழுதும் வேலை அதில் சிறு பங்கு. ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய கணினிகளுக்கான ஓஎஸ்/360 என்ற இயங்குதளப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய நூலில் ஒரு கணக்குச் சொல்கிறார்: மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடலுக்கு, ஆறில் ஒரு பங்கு நிரல் எழுத, மீதிப் பாதி முழுக்கச் சோதனைக்கு. ஐம்பது ஆண்டு ஆகியும் எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. இதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். தப்பாகப் போனால் திரும்பி வரும் வழியை முதலில் போட்டுவிட வேண்டும். அப்புறம்தான் ஏற வேண்டும். இந்த முறை எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அந்த வழிக்குத்தான் போனது.

ஆப் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பறித்த இலை அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். மூட்டையில் கிடந்து சூடேறினால் தரம் கெட்டுவிடும். விவசாயி மூட்டையைச் சாலையோரக் கொட்டகைக்குக் கொண்டுவருவார். ஏஜென்ட் எடை போட்டு, ஈரத்துக்கும் சாக்குக்கும் கொஞ்சம் கழித்து, சீட்டு கொடுப்பார். லாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும். ஏறத்தாழ நாலரை, ஐந்து கிலோ பசுந்தேயிலையிலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். இலை வாங்குவது தனியார் தொழிற்சாலையாகவும் இருக்கலாம், கூட்டுறவு இணையமான இன்ட்கோசர்வின் கீழ் இயங்கும் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் ஒன்றாகவும் இருக்கலாம். பணம் மாதக் கணக்கில்தான் வரும். ஏலத்தில் தூள் விற்ற விலையை விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று பங்கிடும் முறையில் தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்கு ஒரு சராசரி விலையை அறிவிக்கிறது. அந்த விலையை எந்த எடையோடு பெருக்குகிறார்கள் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் இருக்கிறது. அந்த எடையை வைத்திருப்பது எங்கள் ஆப்.

அதனால் எங்கள் காலண்டரில் பெரும்பாலான நாட்கள் ரிலீஸுக்கு ஆகாத நாட்கள். மாதக் கடைசியும் அடுத்த மாதத்தின் முதல் பத்து நாளும் கணக்கு முடிக்கும் நேரம். அப்போது எதையும் தொடக் கூடாது. கோடை மழைக்குப் பிறகு ஏப்ரல், மே, ஜூனில் இலை குவியும். கொட்டகையில் வரிசை நிற்கும்போது ஏஜென்டின் போனில் புதுத் திரையைக் காட்டுவது அநியாயம். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை எப்படியோ, குன்னூர், கோத்தகிரிக்கு இது அப்படி. 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. குன்னூர் சாலை அடைபட்டால் வண்டிகளெல்லாம் கோத்தகிரி வழியாகத்தான் திரும்பும். கோத்தகிரி சாலையிலும் மரம் விழுந்துவிட்டால் நாங்கள் ஒரு கொட்டகைக்கும் போய்ச் சேர முடியாது. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரியின் நடுவாரங்கள். இலை குறைவு, வானம் தெளிவு, ஏஜென்ட்களுக்கு நின்று பேச நேரம் இருக்கும். அதிலும் செவ்வாய்க்கிழமை காலையைத் தேர்ந்தெடுப்போம். வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டு விசேஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற அனுபவம் எங்களில் இரண்டு பேருக்கு உண்டு.

இந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை செய்த குழு மாதக் கடைசியில் ஒரு பதிப்பை வெளியிட்டது. மாற்றம் சின்னது. போனில் ஒவ்வொரு நாள் எடையையும் முழு எண்ணாக்கிக் கூட்டுவோம். சர்வரில் மாத மொத்தத்தைக் கூட்டிக் கடைசியில் ஒரு தடவை முழு எண்ணாக்கினோம். முப்பது நாளில் இரண்டுக்கும் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் வந்தது. பணமாகப் பார்த்தால் சொற்பம். ஆனால் கையில் வைத்திருக்கிற சீட்டுகளைக் கூட்டிப் பார்த்த ஒரு அம்மா, “தம்பி, உங்க மெஷின் என் இலையைத் தின்னுடுச்சா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் ஊர் ஊராகப் போனோம். அன்றிலிருந்து எடையை கிராமில், முழு எண்ணாகத்தான் சேமிக்கிறோம். கணினி தசம எண்களை 0, 1 மட்டும் உள்ள இரண்டடிமான முறையில் வைத்துக்கொள்வதால் 0.1-ஐத் துல்லியமாக எழுதவே முடியாது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பல மொழிகளில் 0.30000000000000004 என்று வரும். பணமும் எடையும் அந்த மாதிரி எண்ணில் இருக்கவே கூடாது.

சரி, இந்தப் பதிப்பில் புதிது என்ன? கழிவு. இதுவரை சீட்டில் ஒரே ஒரு எண்தான் இருந்தது: கழித்த பிறகு மிஞ்சிய நிகர எடை. மழை நாளில் நனைந்த இலைக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது ஏஜென்டுக்கு மட்டும் தெரியும். விவசாயிகளின் மிகப் பழைய மனக்குறை இதுதான். கழிப்பதைக்கூட ஒப்புக்கொள்வார்கள், சொல்லாமல் கழிப்பதுதான் உறுத்தும். புதுச் சீட்டில் மூன்று எண்கள்: மொத்தம் 46, கழிவு 4, நிகரம் 42. நேர்மையாக எடை போடுகிற ஏஜென்ட்களே இதைக் கேட்டார்கள், தங்கள் மேல் வரும் சந்தேகம் தீரட்டும் என்று.

கேட்பதற்கு மூன்று நாள் வேலை போல இருக்கும். திரையில் இரண்டு பெட்டி கூடுதல், சீட்டில் இரண்டு வரி கூடுதல். உண்மையில் வேலை டேட்டாபேஸில் இருந்தது. ஏற்கனவே பதிவான லட்சக்கணக்கான வரிகளில் மொத்த எடை என்ற ஒன்றே கிடையாது. புது நெடுவரிசையைச் சேர்த்துப் பழைய வரிகளில் என்ன போடுவது? பூஜ்யம் போட்டுவிடலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. போட்டுப் பார்த்தால், பழைய சீட்டுகளில் மொத்தம் 0, நிகரம் 42, கழிவு மைனஸ் 42 என்று வந்து நின்றது. பூஜ்யம் என்பது ஒரு அளவு. தெரியாது என்பது வேறு. அதனால் காலியாகவே விட்டோம். காலியாக இருந்தால் பழைய மாதிரிச் சீட்டை அச்சிடு என்று ஆப்புக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

அடுத்த சிக்கல், எல்லாப் போனும் ஒரே நாளில் புதுப் பதிப்புக்கு வராது. சோலூர்மட்டத்துக்குக் கீழே சில சரிவுகளில் சிக்னலே கிடைக்காது. அங்குள்ள போன் சாயங்காலம் மேலே வரும்போதுதான் சர்வரோடு பேசும். போனில் இடம் இல்லை என்று அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்களும் உண்டு. பழைய ஆப் நிகர எடையை மட்டும் அனுப்பும். புது ஆப் மூன்றையும் அனுப்பும். சர்வர் இரண்டு பேச்சையும் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் வேலையை நீளவாக்கில் வெட்டினோம். முதலில் டேட்டாபேஸில் புது நெடுவரிசை மட்டும் சேர்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை. சில நாள் கழித்து இரண்டு வகையையும் வாங்கிக்கொள்ளும் சர்வர் வந்தது. அதற்கு அப்புறம்தான் ஆப். கடைசிப் பழைய போனும் மாறிய பிறகே பழைய வழியை அழிக்கலாம். புது வீடு கட்டிக் குடிபோகும்வரை பழைய வீட்டை இடிக்காமல் இருப்பது போலத்தான். இந்த ஒழுங்கு மெதுவானது. ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று, தேவைப்பட்டால் ஒரு படி பின்னால் போக முடியும்.

டிசம்பர் பாதியில் கதவைச் சாத்தினோம். இனிமேல் புது வசதி எதுவும் உள்ளே வராது, கண்டுபிடித்த பிழைகளைத் திருத்துவது மட்டும்தான். இதை ஃப்ரீஸ் என்பார்கள். யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம் என்கிற திறமூலப் பணிகளில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்றான லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியில், அதாவது கர்னலில், இது பொதுவிதி. இரண்டு வாரம் மட்டும் புது நிரலை உள்ளே எடுப்பார்கள். அதன்பின் வாரம் ஒன்றாக ஏழு, எட்டு முன்வெளியீடுகள். அவற்றில் திருத்தம் மட்டும். அதாவது எடுத்துக்கொள்ளும் காலத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆற வைக்கும் காலம்.

ஃப்ரீஸில் வலிக்கும் பகுதி, முக்கால்வாசி முடிந்த வேலையை வெளியே நிறுத்துவது. எடையைத் தமிழில் உரக்கச் சொல்லும் வசதியை எங்கள் குழுவின் இளையவர் இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி. எனக்கும் அதன் மேல் ஆசை இருந்தது. ஆனால் சில போன்களில் பேச்சு முடியும்வரை திரை நின்றுபோனது. இன்னும் இரண்டு பேரை அதில் போட்டால் முடிந்துவிடாதா என்ற பேச்சு வந்தது. தாமதமான பணியில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று புரூக்ஸ் சொன்னது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. புதிதாக வருகிறவருக்கு விளக்கவே இருக்கிறவரின் நேரம் போய்விடும். கடைசியில் அதை வெளியே நிறுத்தினோம். அவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தான் செய்த வேலையின் மேல் பற்று இல்லாதவரோடு நல்ல மென்பொருள் செய்ய முடியாது.

சோதனை என்றால் அறைக்குள் உட்கார்ந்து பொத்தான்களை அழுத்துவது மட்டும் இல்லை. கட்டபெட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் நான்கு மாலைகள் நின்றோம். விரல் ஈரமாக இருந்தால் தொடுதிரை ஏமாற்றும் என்பது அறையில் தெரியாது. மூடுபனி இறங்கி விளக்கு மங்கும்போது மூன்று எண்களில் எது நிகரம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அதை மட்டும் பெரிதாக்கினோம். சீட்டு அடிக்கும் சின்ன பிரிண்டர்களில் பலவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால் தமிழ் வரிகளைப் படமாக மாற்றித்தான் அனுப்புகிறோம். இரண்டு வரி கூடியதும் ஒரு சீட்டு வெளியே வர ஆகும் நேரமும் கூடியது. வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கு அதுவும் ஒரு பிழைதான். மாறாத வரிகளை முன்கூட்டியே படமாக்கி வைத்துக்கொண்டு சரிசெய்தோம்.

தமிழ்ப் பெயர்கள் இன்னொரு பாடம். ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், போஜன் என்ற பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருமுறை தேடினால் இருவர் வந்தார்கள், மற்றவர்களைக் காணோம். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் ‘போ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ப’வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றை மட்டும் வைப்பது ஒரு விதம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. எந்தக் கீபோர்டில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். இதற்குத் தீர்வு யூனிகோடிலேயே உண்டு. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சீராக்க முறை அது. அதைச் செய்தோம். ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்து வைத்திருக்கும் பெயர்களை மட்டும் எந்த முறையும் திருத்தித் தராது, அவற்றை உட்கார்ந்து கையால் பார்த்தோம். தமிழில் மென்பொருள் செய்கிறவர்கள் எல்லாரும் இந்த வேலையை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தன் பெயரைத் தேடினால் இல்லை என்று சொல்கிற ஆப்பை யார் நம்புவார்கள்?

சிக்னல் இல்லாத இடத்தில் பதிவாகும் எடைகள் போனிலேயே காத்திருந்து பிறகு சர்வருக்குப் போகும். பாதியில் இணைப்பு அறுந்தால் ஆப் மறுபடி அனுப்பும். அப்போது ஒரே மூட்டை இரண்டு தடவை கணக்கில் ஏறாமல் இருக்க, எடை போட்ட நொடியிலேயே போன் அந்தப் பதிவுக்கு ஒரு தனி எண் கொடுத்துவிடும். அதே எண்ணோடு மறுபடி வந்தால் சர்வர் சேர்த்துக்கொள்ளாது. புதுப் பதிப்பிலும் இது கெடவில்லை என்று பார்க்க, போனை ஏர்ப்ளேன் மோடில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து ஒரு முழு நாளைச் செலவழித்தோம்.

இப்போது திரும்பும் வழிக்கு வருகிறேன். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புது நிரலோடு சந்தைக்கு வந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் புது நிரல் ஏறியிருந்தது. ஒன்றில் ஏற்றாமல் விட்டுப்போனது. அந்த ஒன்றில் 2003-க்குப் பிறகு பயன்படுத்தாமல் கிடந்த பழைய நிரல் ஒன்று இருந்தது. அதை இயக்கி வந்த அதே சுவிட்சைத்தான் புது வசதிக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தை திறந்ததும் பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேல் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். இதில் என்னை மிகவும் உலுக்கியது நடுவில் நடந்த ஒன்று. பிழை எங்கே என்று தெரியாத பதற்றத்தில், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை எடுத்துவிட்டார்கள். எட்டிலும் பழைய நிரல் ஓடத் தொடங்கி நிலைமை இன்னும் மோசமானது. திரும்பிப் போவதும் ஒரு ரிலீஸ்தான். ஒத்திகை பார்க்காமல் செய்தால் அதுவும் தப்பும்.

போனில் ஓடும் ஆப்புக்கு இது இன்னும் கடினம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளே ஒரு எண் உண்டு. அடுத்து வரும் எண் முந்தையதைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். புதுப் பதிப்பு ஏறிவிட்ட போனை பிளே ஸ்டோர் வழியாகப் பழையதற்கு இறக்க முடியாது. பழைய நிரலுக்கே இன்னும் பெரிய எண் போட்டு, புதிது மாதிரி அனுப்ப வேண்டும். ஸ்டோரின் ஒப்புதலுக்குச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். அதற்குள் கொட்டகையில் இலை வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஆப்புக்குள்ளேயே பழைய சீட்டு, புதுச் சீட்டு இரண்டையும் வைத்து, எதைக் காட்டுவது என்பதைச் சர்வரில் ஒரு சுவிட்சாக வைத்தோம். சுவிட்சுக்குப் புத்தம் புதுப் பெயர்; பழைய பெயர் எதையும் மறுபடி பயன்படுத்தவில்லை. வெளியிடுவதற்கு முந்தைய வாரம், எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனை சர்வரில் அதை மூன்று தடவை அணைத்துப் பார்த்தோம். ஒருவர் அணைப்பார், இன்னொருவர் கடிகாரம் பார்ப்பார். முதல் தடவை, அணைத்த பிறகும் பழைய சீட்டில் கழிவு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒத்திகை இல்லாவிட்டால் அதை விவசாயி கையில்தான் கண்டுபிடித்திருப்போம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நம் மலை ரயிலில், கல்லாறு தாண்டிக் குன்னூர்வரை ஏறும்போது இன்ஜின் பெட்டிகளுக்குக் கீழே இருந்து தள்ளிக்கொண்டு வரும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் அங்கே உண்டு. பெட்டி பின்னால் உருண்டால் தாங்க இன்ஜின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். பல்சக்கரத் தண்டவாளமும், பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்காரர்களும் அதற்கு மேல். 1899-லேயே குன்னூர்வரை ஓடத் தொடங்கிய ரயில் அது. ஏறுவதற்கு எவ்வளவு யோசித்தார்களோ, அவ்வளவு உருளாமல் இருப்பதற்கும் யோசித்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19 போதும். இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. மென்பொருள் எதிர்பார்த்தது 20 உள்ளீடுகள், கோப்பு கேட்டது 21-ஐ. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் தன் முதன்மை நிரலைப் படிப்படியாக அனுப்பும் வழக்கம் உடையதுதான். இந்த வகைக் கோப்புக்கு மட்டும் அந்தப் படிகள் இல்லை. சின்ன மாற்றம் என்று நினைக்கிற இடத்தில்தான் படி தேவைப்படுகிறது.

எங்கள் படிகள் எளிமையானவை. முதலில் கட்டபெட்டுக் கொட்டகைக்கு மட்டும், சோதனையாளர் பட்டியல் வழியாக. ஸ்டோரில் சதவீதம் போட்டு அனுப்பலாம், ஆனால் எந்தப் போன் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது; பட்டியல் இருந்தால்தான் தெரிந்த ஏஜென்டின் அருகில் போய் நிற்கலாம். அங்கே ஐந்து நாள் ஓடிய பிறகு பத்து சதவீதம், பிறகு பாதி, பிறகு முழுக்க. ஒவ்வொரு படியிலும் சீட்டில் உள்ள நிகரங்களின் கூட்டுத்தொகை சர்வரின் மொத்தத்தோடு கிராம் சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

பத்து சதவீதத்தில் ஒரு நாள் நின்றோம். ஒரு ஏஜென்ட் கூப்பிட்டு, “தம்பி, கழிவே போடாத நாள்லயும் கழிவு 0-ன்னு வருது. ஏன் இன்னிக்குக் கழிக்கலைன்னு அடுத்தவங்க கேக்குறாங்க” என்றார். நிரலில் பிழை இல்லை; ஆனால் கொட்டகையில் அவர் பாடு சங்கடம். பேசிப் பார்த்தோம். விவசாயிகள் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்க விரும்பினார்கள். அதனால் அப்படியே விட்டோம். அடுத்த நாள் நானே அங்கே போய், கேட்டவர்களுக்கு ஏஜென்ட் சார்பில் விளக்கினேன்.

பிப்ரவரி இரண்டாம் செவ்வாய் முழு வெளியீடு முடிந்தது. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் இன்னும் மூன்று போன்கள் பழைய பதிப்பில் இருக்கின்றன. அவை அனுப்புகிற ஒற்றை எண்ணைச் சர்வர் இன்றும் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பழைய வழியை எடுத்துவிடும் வேலையையும், பேசும் எடை வசதியையும் அடுத்த உறைபனிக்கு என்று எழுதி வைத்திருக்கிறோம்.